எந்த இதழும் மறையாத பூ: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சீட்டு வித்தைகளைப் பற்றி ஒரு வரி எழுதப்போக, முதுகில் ரகசியக் குறி வைத்த பழைய சீட்டுக்கட்டுகளைப் பற்றியே கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தை கல்யாண வீடுகளில் சீட்டு வித்தை காட்டுவார். அவருடைய டிரங்குப் பெட்டியில் சிவப்பு முதுகுள்ள பழைய 'பைசைக்கிள்' கட்டு ஒன்று கிடைத்தது. அது குறியிட்ட கட்டு என்கிறார் குடும்ப நண்பர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் புலப்படவில்லையே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் பூதக்கண்ணாடியைக் கீழே வையுங்கள். ஒரே ஒரு சீட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் குறி அகப்படாது; ஒப்பிட வேறொன்று பக்கத்தில் இல்லாதபோது, மாற்றி வரையப்பட்ட கோடும் ஓவியத்தின் கோடாகவே கண்ணுக்குப் படும். கட்டு முழுவதையும் முதுகு உங்களைப் பார்க்கும்படி அடுக்கி, இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஓரத்தை வளைத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரசரவென்று விடுங்கள். பார்வை மட்டும் ஒரு மூலையிலேயே நிற்கட்டும். குறியில்லாத கட்டானால் ஓவியம் அசையாமல் நிற்கும்; குறியிருந்தாலோ, பள்ளிப் பிள்ளைகள் நோட்டு ஓரத்தில் வரைந்து புரட்டி விளையாடும் பொம்மையைப் போல, ஏதோ ஓர் இடத்தில் ஒரு புள்ளி துள்ளும். அமெரிக்கச் சூதாடிகள் இந்தச் சோதனையைச் 'சினிமாவுக்குப் போவது' என்று கேலியாகச் சொல்வார்கள்.

உங்கள் கட்டின் முதுகில் மிதிவண்டி ஓட்டும் குட்டித் தேவதை இருக்கிறதா என்று பாருங்கள். 'பைசைக்கிள்' சீட்டு 1885-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிறந்தது. அந்தத் தேவதை ஓவியம் 1887-இல் வந்து, பெரிய மாற்றமின்றி இன்றும் அச்சாகிறது. எல்லோரும் பார்த்துப் பழகிய முதுகை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதால்தான் வித்தைக்காரர்கள் அதை விரும்பினார்கள். அடர்ந்த சிவப்பில் வெள்ளைக் கொடியும் இலையும் பூவுமாக நெளியும் அந்த ஓவியத்தில், ஒரு பூவின் ஓர் இதழை மட்டும் அதே சிவப்பு மையால் நிரப்பிவிட்டால் அந்த இதழ் காணாமல் போகும், அதுதான் குறி. எந்த இதழ் மறைந்திருக்கிறது என்பதைக் கடிகார முள்ளைப் போலப் படித்தால் சீட்டின் மதிப்பும், வேறோர் இடத்தில் மறைந்த சிறு இலையைப் பார்த்தால் ஆர்ட்டினா, டைமனா, கிளாவரா, இஸ்பேடா என்பதும் தெரிந்துவிடும். சீட்டு எப்படித் திரும்பி வந்தாலும் படிக்க வசதியாக, இடது மேல்மூலையில் உள்ள குறியே வலது கீழ்மூலையிலும் தலைகீழாக இருக்கும்.

கேள்வி: இது சூதாடிகள் கண்டுபிடித்ததா, வித்தைக்காரர்கள் கண்டுபிடித்ததா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சூதாடிகளின் சொத்துதான், வித்தைக்காரர்கள் பின்னால் வந்து சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிரெஞ்சு மேடை வித்தையின் தந்தை எனப்படும் ரொபேர் ஊதேனிடம் (ஹூடினி என்ற மேடைப்பெயர் இவர் பெயரிலிருந்து பிறந்ததுதான்) 1849-இல் பாரிஸ் விசாரணை நீதிபதி ஒருவர் 150 சீட்டுக்கட்டுகளை ஒப்படைத்து, இவற்றில் குறி உண்டா என்று கேட்டார். முதுகில் ஓவியமே இல்லாத வெள்ளைச் சீட்டுகள் அவை. கண்ணாலும் உருப்பெருக்கியாலும் பல நாள் பார்த்துச் சலித்துப்போன ஊதேன், ஒரு கட்டத்தில் எரிச்சலோடு கட்டை மேசைமேல் வீசினார். அப்போது பளபளப்பான முதுகொன்றின் மூலையருகே மங்கலான புள்ளி ஒன்று தெரிந்தது. ஆவலோடு அருகில் போனால் மறைந்தது. பின்வாங்கினால் மறுபடி தோன்றியது. சீட்டின் மெருகு அந்த ஓரிடத்தில் மட்டும் கெடுக்கப்பட்டிருந்ததால், குறிப்பிட்ட கோணத்தில் ஒளி விழும்போது மட்டுமே அது வெளிப்பட்டது. 32 சீட்டுகள் கொண்ட ஆட்டத்துக்கான கட்டு அது. புள்ளி இடமிருந்து வலமாக நிற்கும் இடம் எட்டு மதிப்புகளில் ஒன்றையும், மேலிருந்து கீழாக நிற்கும் இடம் நான்கு இனங்களில் ஒன்றையும் காட்டியது.

தேடுகிறவன் கிட்டே போகப் போக ஒளிந்துகொள்வதும், எதிரே சாய்ந்து உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் காட்சி தருவதுமான குறி! இன்று சூதாட்டக் கூடங்களில் 'ஜூஸ்' என்று பேசப்படும் மெல்லிய சாயக் குறியும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். தூரத்திலிருந்து பார்வையைச் சற்றே தளர்த்தினால்தான் அது தெரியும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிகாகோவின் கே.சி. கார்டு கம்பெனி, எச்.சி. எவன்ஸ் போன்ற நிறுவனங்கள் குறியிட்ட சீட்டுகளை விலைப்பட்டியல் அச்சிட்டு அஞ்சல் வழியாகவே விற்றன. அவற்றை வாங்கியவர்கள் அனைவரும் முயல் எடுத்துக் காட்டும் தொழிலில் இருந்தார்கள் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: அப்படியானால் வித்தைக்காரர் செய்வதும் ஏமாற்றுத்தானே?
– வாசகர், கோவை

பதில்: ஏமாற்றப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, கைதட்டலை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார். மேசையில் பணம் வந்துவிட்டால் அதே கட்டு குற்றத்தின் கருவி.

கேள்வி: என்னிடமும் இத்தகைய கட்டு ஒன்று இருக்கிறது. வயதைக் கணிப்பது எப்படி? விலை போகுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அமெரிக்கக் கட்டாக இருந்தால் உறையின் வாயில் வரி முத்திரைத்தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சீட்டுக்கட்டுக்கான மத்திய வரி 1965-இல் நீக்கப்பட்டது. முத்திரை இருந்தால் கட்டு அதற்கு முந்தையது. இஸ்பேட் ஆஸில் பொடி எழுத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் எண்களும் இருக்கும். அந்த எழுத்து ஆண்டைக் குறிப்பது, ஆனால் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதே வரிசை திரும்பி வருவதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 'பைசைக்கிள்' ஆலை 2009-இல் சின்சினாட்டியிலிருந்து கென்டக்கி மாநிலத்தின் அர்லாங்கருக்கு இடம் மாறியது என்பதும் ஒரு துப்பு. விலையைப் பொறுத்தவரை, உறையும் 52 சீட்டும், குறியைப் படிக்கும் முறையைச் சொல்லும் குறிப்புத்தாளும் ஒன்றாக இருந்தால் சேகரிப்பாளர்கள் மதிப்பார்கள். ஒரு சீட்டு குறைந்தாலும் மதிப்பு சரிந்துவிடும்.

கேள்வி: இப்போது வரும் குறியிட்ட கட்டுகளில் எழுத்தும் எண்ணுமே நேராகப் படிக்கும்படி இருக்கிறதாமே. பிறகு ஏன் பழையவற்றை நினைத்து உருகுகிறீர்கள்?
– வாசகர், சென்னை

பதில்: உருகுவது உண்மைதான். ஆனால் பழையது சிறந்தது என்று வாதிட மாட்டேன். ஜெர்மானிய வித்தைக்காரர் டெட் லெஸ்லி, தேய்த்து ஒட்டும் நுண்ணெழுத்துகளைக் கொண்டு சீட்டின் பெயரையே முதுகு ஓவியத்துக்குள் ஒளித்துவைத்தார். பிரான்சின் போரிஸ் வைல்ட் விசிறியாக விரித்த சீட்டுகளிலும் படிக்கும்படி மூலையோரத்தில் குறி அமைத்தார். மேடையில் நிற்பவனுக்கு இவைதான் வசதி. அதே வேளையில், பழைய காலத்து மூளைகளையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த தியோடர் டிலேண்ட் 1910-களில் வெளியிட்ட கட்டில், சீட்டின் மதிப்பும் இனமும் மட்டுமல்லாமல் கட்டில் அது எத்தனையாவது சீட்டு என்பதும் முதுகிலேயே பதிந்திருந்தது. தும்மல் பொடி விற்றுப் புகழ்பெற்ற நியூ ஜெர்சியின் எஸ்.எஸ். ஆடம்ஸ் நிறுவனம் அதைப் பின்னர் நெடுங்காலம் விற்றது.

என் பதினான்காம் வயதில், கப்பலில் வேலை பார்த்த மாமா நீல முதுகுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே நான்காக மடித்த குறிப்புத்தாள். பதினாறாம் வாய்ப்பாட்டைக்கூட அவ்வளவு சிரத்தையாக நான் மனப்பாடம் செய்ததில்லை. ஒரு வாரம் கழித்துத் திண்ணையில் முதல் அரங்கேற்றம். பாட்டி ஒரு சீட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். நான் குனிந்து, நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி, மறைந்த இதழ் நான்கா ஐந்தா என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். "ஏண்டா, சீட்டு முதுகில அப்படி என்னத்தடா தேடுற, ஈர் பாக்குற மாதிரி?" என்றார் பாட்டி. வித்தை அங்கேயே முடிந்தது.

அந்தக் கட்டு கற்றுக்கொடுத்தது அதற்குப் பிறகுதான். பார்வையாளர் கையிலுள்ள சீட்டைப் படிக்கவே கூடாது. எடுப்பதற்கு முன்பு, அது கட்டின் மேலே கிடக்கும்போதே, பேச்சுவாக்கில் ஒரு நொடி பார்த்துவிட வேண்டும், அல்லது அவர் முகப்பக்கத்தைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் பார்க்க வேண்டும். ஒரு நொடிக்கு மேல் கண் நிற்கலாகாது என்பதால் குறியீடு மூச்சு விடுவதுபோல் பழகியிருக்க வேண்டும். நேராகப் படிக்கும் புதிய கட்டில் இந்தப் பயிற்சிக்கு அவசியமே இல்லாமற்போக, கண் சோம்பிப்போகிறது. முதுகையே வெறித்துப் பார்க்கும் இளைஞர்களை நான் மேடைகளில் நிறையவே காண்கிறேன். என் ஏக்கம் அந்தக் கட்டைப் பற்றியதா, திண்ணையைப் பற்றியதா என்று கேட்டால், பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: தாத்தாவின் கட்டில் நீங்கள் சொல்லும் துள்ளல் தெரிகிறது. ஆனால் குறிப்புத்தாள் தொலைந்துவிட்டது. இனி அதைப் படிக்கவே முடியாதா? கட்டைப் பாதுகாப்பது எப்படி?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கையால் வைத்த குறி பெரும்பாலும் சாயம்தான், அழுக்கோடு அதுவும் போய்விடக்கூடும். ரப்பர் பேண்டு போடாதீர்கள்; ஓரத்தை வெட்டி, நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ளும். வெயிலும் ஆகாது. அச்சு மையும் குறி வைத்த மையும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை; ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாதிருந்த குறி, வெயில் பட்ட பழைய கட்டுகளில் ஊருக்கே தெரியும்படி பழுப்பாக எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

குறிப்புத்தாள் இல்லாதது பெரிய குறையல்ல. ஆஸ் முதல் ராஜா வரை நான்கு இனங்களையும் நான்கு வரிசையாகத் தரையில் அடுக்கி, அப்படியே முதுகுப்பக்கம் திருப்புங்கள். மேலிருந்து கீழாக நான்கு சீட்டுகளிலும் மாறாமல் இருப்பது மதிப்பின் குறி. இடமிருந்து வலமாக ஒரு வரிசை முழுவதும் மாறாமல் இருப்பது இனத்தின் குறி. கடிகாரப் பூவாக இருந்தால், ஒரு மணியில் ஆஸ் தொடங்கிப் பன்னிரண்டில் ராணி வரை வந்து நிற்பீர்கள். பதின்மூன்றாவதைக் காணோமே என்று பதற வேண்டாம். எந்த இதழும் மறையாமல் முழுசாக விரிந்திருக்கும் பூ, பல கட்டுகளில் ராஜாவுடையது.