ஒரே பிஸ்டல் இரண்டு வேலைக்கும் போதுமா?

குழித்துறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் தனி வீடு, சிறு பிள்ளைகள் உண்டு, இலக்குப் பயிற்சிக்கும் வீட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரு 9 மி.மீ. செமி ஆட்டோமேட்டிக் (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) பிஸ்டல் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அண்ணாச்சி, 9 மி.மீ. ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். நம் நாட்டில் அது பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட குழல் அளவு (bore). பொதுமக்களுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் செமி ஆட்டோமேட்டிக் என்றால் .32 அங்குலக் குழல் அளவுதான், அரசு ஆயுதத் தொழிற்சாலையின் அஷானி பிஸ்டல் மாதிரி. அதற்கும் நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், போலீஸ் விசாரணை வரும். தேவை என்ன என்று கேட்பார்கள். தனி வீடு என்பது மட்டும் பெரும்பாலும் போதாது.

சரி, லைசென்ஸ் கிடைத்தாலும் .32 இலக்குப் பயிற்சிக்கு ஏற்றதல்ல. குழல் குட்டை, குறிபார்க்கும் முனை சிறிது, தோட்டாவும் விலை அதிகம், எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. தோட்டத்தில் வைத்துச் சுட்டுப் பழகவும் கூடாது.

சுடக் கற்க வேண்டும் என்றால் .177 அங்குல ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சிறு குண்டைத் தள்ளுவது) வாங்குங்கள். 20 ஜூலுக்குக் குறைவான சக்தி என்றால் லைசென்ஸ் வேண்டாம், அடையாள அட்டை போதும். 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ. அதை அடித்துப் பழகிய கைக்கு எந்தப் பிஸ்டலும் அடங்கும். பின்னால் மண்மூட்டை அடுக்குங்கள், கண்ணாடி அணியுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஏர் பிஸ்டலையும் பூட்டித்தான் வைக்க வேண்டும், அதன் குண்டு பட்டாலும் கண் போய்விடும்.

வீட்டுப் பாதுகாப்புக்கு நல்ல கதவு, முற்றத்தில் விளக்கு, கேமரா, ஒரு நாய். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நாயைக் கேட்க மாட்டார்கள்.