மறு: எறிந்ததும் இணைப்பு போகிறது, திரை முழுக்க மீன் சின்னம்

வணக்கம். கையில் இருக்கும்போது போனுடன் இணைகிற டீப்பர் ப்ரோ ப்ளஸ் (தூண்டில் நூலில் கட்டி நீரில் எறியும், ஒலியலையால் மீனையும் ஆழத்தையும் காட்டும் பந்து), 30 மீட்டர் எறிந்ததும் துண்டித்துக்கொள்கிறது, இணைந்தாலும் திரை முழுக்க மீன், தூண்டிலில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பந்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் போனைப் பாருங்கள். பந்து தரும் வைஃபையில் இணையம் கிடையாது. அதனால் பல போன்கள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துவிட்டு எறியுங்கள். போனைத் தரையில் வைக்காமல் நெஞ்சுயரத்தில் பிடியுங்கள், நீரை ஒட்டிப் போகும் சிக்னல் சீக்கிரம் பலமிழக்கும்.

சரி, மீன் சின்னம். பாசி, காற்றுக் குமிழி எல்லாவற்றையும் போனிலுள்ள செயலி மீனாக்கிவிடும். செட்டிங்கில் மீன் சின்னத்தை நிறுத்திவிட்டு வெறும் எதிரொலிப் படத்தைப் பாருங்கள். பந்து கீழே அனுப்பும் ஒலியின் அகலக் கற்றை 55 டிகிரி. 4 மீட்டர் ஆழத்தில், நீரின் அடித்தரையில் சுமார் 4 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் உள்ளதெல்லாம் ஒரே கோட்டில் விழும். 15 டிகிரிக்கு மாற்றினால் அந்த வட்டம் 1 மீட்டர்தான். அப்புறம், மெதுவாகச் சுருட்டிக்கொண்டே பாருங்கள். பந்து அசையாமல் நின்றால், அடியில் நிற்கும் ஒரே மீன் நீளக் கோடாக ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆழத்தை ஈயக் குண்டு கட்டிய நூலால் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். எனக்கு இந்தக் கருவி மிகவும் உதவுவது, தரை திடீரென இறங்கும் இடத்தைக் காட்டுவதில். அந்த விளிம்பில் இரையைப் போட்டுப் பாருங்கள்.