கழன்று விழுந்த நான்கு ஏடுகள்: லுக்ரீஷியஸ் கேள்வி பதில்

ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் எழுதிய ‘தெ ரேரும் நாத்தூரா’ கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸின் அணுக் கொள்கையை ஆறு பாகங்களில், ஏறக்குறைய 7,400 வரிகளில் சொல்லும் லத்தீன் கவிதை. அதன் இடைக்காலக் கைப்பிரதிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, லுக்ரீஷியஸ் தன் கையால் எழுதிய பிரதி எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. சிசரோ கி.மு. 54-இல் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கவிதையைப் பற்றிப் பேசுகிறார். நமக்குக் கிடைத்திருக்கும் முழுப் பிரதிகளில் மூத்தவை 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நடுவில் கிட்டத்தட்ட 900 ஆண்டு இடைவெளி. நூலின் வயது வேறு, பிரதியின் வயது வேறு. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைந்துபோன மூலப்பிரதியில் பக்கத்துக்கு இத்தனை வரி இருந்தது என்று அடித்துச் சொல்கிறார்களே, பார்க்காமல் எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த இடத்தைத் தொட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 9ஆம் நூற்றாண்டுப் பிரதிகள் இரண்டுமே இப்போது நெதர்லாந்தின் லைடனில் இருக்கின்றன. நீளவாக்கில் இருப்பது ஓப்லாங்கஸ், சதுரமாக இரண்டு பத்திகளில் எழுதியது குவாட்ராட்டஸ். குவாட்ராட்டஸைப் படித்துக்கொண்டே போனால் நான்கு இடங்களில் பேச்சு சட்டென்று அறுந்து வேறெங்கோ தாவுகிறது. காணாமல் போன அந்த நான்கு பகுதிகளும் நூலின் கடைசியில் ஒன்றாகக் கிடக்கின்றன. முதல் பாகத்தில் 734 முதல் 785 வரை, இரண்டாம் பாகத்தில் 253 முதல் 304 வரை, ஐந்தாம் பாகத்தில் 928 முதல் 979 வரை. எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றும் 52 வரி. நான்காவது, இரண்டாம் பாகத்தின் 757 முதல் 806 வரை, 50 வரிதான். ஆனால் அந்தப் பிரதிகளில் இடையிடையே தலைப்புகளும் வரியை அடைத்துக்கொள்ளும், அதையும் சேர்த்தால் கணக்கு ஒத்துப்போகும். 52 என்றால் ஓர் ஏட்டின் இரு பக்கம், பக்கத்துக்கு 26 வரி. அதாவது இந்த இரண்டுக்கும் முன்னால் இருந்து தொலைந்துபோன தாய்ப் பிரதியில் கட்டு தளர்ந்து நான்கு ஏடுகள் கழன்றிருக்கின்றன, யாரோ அவற்றை எடுத்துக் கடைசியில் செருகிவிட்டார்கள். பின்னால் வந்த எழுத்தர் கண்ணில் பட்ட வரிசையிலேயே படியெடுத்துவிட்டார். ஓப்லாங்கஸில் அதே வரிகள் சரியான இடத்தில் இருப்பதால், தாய்ப் பிரதியிலிருந்து ஓப்லாங்கஸின் வழி பிரிந்தபோது ஏடுகள் இன்னும் கழலவில்லை என்பதும் தெரிகிறது. ஜெர்மன் அறிஞர் கார்ல் லாக்மன் 1850-இல் வெளியிட்ட பதிப்பு இந்த மாதிரி தடயங்களை வைத்துத்தான் தொலைந்த பிரதியைப் பக்கம் பக்கமாக மீட்டெடுத்தது. எழுத்தரின் பிழையைத் திருத்திவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

ஓப்லாங்கஸில் திருத்தங்கள் இருக்கின்றனவாமே?

ஆமாம். டங்கல் என்ற அயர்லாந்து அறிஞரின் கை அது. முதல் எழுத்தர் காலியாக விட்டுப்போன வரிகளைக்கூட அவர் நிரப்பியிருக்கிறார்.

தெய்வங்கள் உலகத்தில் தலையிடுவதில்லை என்று சொல்லும் நூல். திருச்சபை அழித்துவிட்டதால்தானே பிரதிகள் குறைவு?

இந்தக் கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். இந்த நூலைத் தோலில் எழுதிக் காப்பாற்றியதே கிறித்தவ எழுத்தர்கள். குவாட்ராட்டஸ் இருந்தது பிரான்ஸின் சேன் பெர்த்தான் மடத்தில், ஓப்லாங்கஸ் இருந்தது ஜெர்மனியின் மைன்ஸ் நகரப் பேராலயத்தில். 1718-இல் திருச்சபையின் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்ந்தது ஓர் இத்தாலிய மொழிபெயர்ப்பு, லத்தீன் மூலம் அல்ல. யாரும் படியெடுக்காத நூல் தானாகவே மறையும், அதற்கு எரிக்க ஆள் வேண்டியதில்லை.

2000 ஆண்டு பழைய இந்தச் சுவடியை

பிரதி 9ஆம் நூற்றாண்டு. மேலே சொல்லியிருக்கிறேன்.

1417-இல் போஜ்ஜோ கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் நூலே அழிந்திருக்கும், அதை நீங்கள் சொல்லவே இல்லையே?

அழிந்திருக்காது. பழைய லத்தீன் நூல்களைத் தேடி அலைந்த இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ. அவர் ஒரு ஜெர்மன் மடத்தில் ஒரு பிரதியைப் பார்த்தபோது லைடன் பிரதிகள் இரண்டும் ஏற்கெனவே அலமாரிகளில் இருந்தன. அவர் பார்த்த பிரதியும் சரி, அவருக்காக எடுத்த படியும் சரி, இன்று இல்லை.

அலமாரியில் இருப்பதும் படிக்கப்படுவதும் ஒன்றா? யாரும் திறக்காத நூல் இருந்தென்ன?

இது நியாயமான கேள்வி. ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். போஜ்ஜோ வழியாகத்தான் இத்தாலியில் 50-க்கும் மேற்பட்ட பிரதிகள் பெருகின, மாக்கியவெல்லி தன் கையால் எடுத்த பிரதிகூட வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்ததில் அவருடைய நண்பர் நிக்கோலோ நிக்கோலிக்கும் பங்கு உண்டு. போஜ்ஜோ அனுப்பிய படியை ஃபிளாரன்ஸில் வைத்துக்கொண்டு அவர் எடுத்த பிரதிதான் இன்று நம்மிடம் இருக்கிறது. 12 ஆண்டாக என் லுக்ரீஷியஸை வைத்திருக்கிறாய் என்று போஜ்ஜோ 1429-இல் அவருக்குக் கடிதம் எழுதினார்!

அப்போ போஜ்ஜோ வீரரா இல்லையா?

ஒரே ஆளை வீரராக்கினால் டங்கலும் நிக்கோலியும் பெயர் தெரியாத எழுத்தர்களும் மறைந்துபோகிறார்கள், என் வருத்தம் அதுதான். போஜ்ஜோவின் வழிப் பிரதிகளே ஓப்லாங்கஸிலிருந்து இறங்கியவை என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அதாவது அவர் கைக்கு வந்ததில் டங்கலின் உழைப்பும் இருந்தது. இத்தோடு போஜ்ஜோவை விடுவோம், இன்னும் கேள்விகள் காத்திருக்கின்றன.

ஓலைச்சுவடியையும் இப்படி ஒப்பிட முடியுமா?

பாடபேதம், அதாவது பிரதிக்குப் பிரதி சொற்கள் மாறும் இடங்கள், பார்க்கும் முறை பொதுவானது. ஓலை என் துறை இல்லை, சுவடியியல் படித்தவர்களைக் கேளுங்கள்.

இணையத்தில் ஒற்றைத் தோல் ஏடு விற்கிறார்கள், வாங்கலாமா?

வேண்டாம். ஒற்றை ஏடு விற்பனைக்கு வருகிறது என்றால் பல நேரம் யாரோ ஒரு முழு நூலைப் பிரித்திருக்கிறார்கள்.

லுக்ரீஷியஸ் கையெழுத்து

முதல் பதிலைப் படியுங்கள்.

லத்தீன் தெரியாது. லைடன் பிரதிகளைப் பார்த்தால் எனக்கு ஏதாவது புரியுமா?

புரியும். லைடன் பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் படங்களில் தேடுங்கள். எழுத்து கரோலிங்கியன் சிற்றெழுத்து என்ற அந்தக் காலத்து எழுத்து வகை, இன்றைய அச்சு எழுத்துக்கு மிக நெருக்கம், அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். ஓப்லாங்கஸில் பக்கத்துக்கு 20 வரி, ஒரே பத்தி, அதில் தொடங்குங்கள். அப்புறம் குவாட்ராட்டஸின் கடைசிப் பக்கங்களுக்குப் போய் அந்த நான்கு ஏடுகளின் வரிகளை நீங்களே எண்ணுங்கள்.