ஜிப் வராமல் ஜாக்கெட் போகாது

கேள்வி: ஏற்றுமதி ஜிடிபியை (நாட்டுக்குள் ஓராண்டில் உற்பத்தியானவற்றின் மொத்த மதிப்பை) கூட்டும், இறக்குமதி குறைக்கும் என்று பாடத்தில் படித்தேன். அப்படியானால் இறக்குமதியை நிறுத்திவிட்டால் நாடு வேகமாக வளராதா? (பி.ஏ. பொருளாதார மாணவி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: ஜிடிபி = நுகர்வு + முதலீடு + அரசுச் செலவு + ஏற்றுமதி − இறக்குமதி என்ற சூத்திரத்தில் இறக்குமதிக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி செய்கிற குழப்பம் இது. ஒரு கம்பெனி ஜப்பான் தையல் மெஷின் வாங்கினால், அதன் விலை முதலீட்டுக் கணக்கில் ஏற்கெனவே கூட்டப்பட்டிருக்கும். இங்கே தயாரானதில்லை என்பதால் அதைத் திரும்பக் கழிக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் ஜிடிபி குறைந்துவிட்டது என்று ஆகாது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாக (டைலருக்கு உதவியாளாக) சேர்ந்து, ஆர்டரை முதலிலிருந்து கடைசிவரை கவனிக்கும் மெர்ச்சண்டைசராக ஓய்வு பெற்றவன் நான். ஒருமுறை ஜாக்கெட் ஆர்டர். நூல், நிட்டிங், தையல் எல்லாம் நம் ஊர். ஜிப் மட்டும் பையர் (நம்மிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்) கைகாட்டிய வெளிநாட்டுச் சரக்கு. அது துறைமுகத்தில் பதினொரு நாள் நின்றுவிட்டது. பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசையில்) ஆட்கள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கப்பலில் போக வேண்டியதைக் கடைசியில் எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம். லாபமும் அதிலேயே ஏறிப் போய்விட்டது.

நூறு ரூபாய்க்கு ஏற்றுமதி என்றால், அதில் எவ்வளவு இங்கேயே தங்குகிறது என்று பாருங்கள். பனியனில் பருத்தி விவசாயி, மில், சாயப்பட்டறை, டைலர் கூலி என்று பெரும்பங்கு தங்கும். உதிரி பாகங்களை வரவழைத்துக் கோத்து அனுப்பும் பொருளில் குறைவு. பேப்பரில் வரும் ஏற்றுமதித் தொகை இதைச் சொல்லாது.

தென் கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் அவர்கள் ஏற்றுமதி பத்து கோடி டாலரைத் தொட்டது. அந்த நாளை ஏற்றுமதி நாளாகவே கொண்டாட ஆரம்பித்தார்கள். அப்போது விற்றதில் ப்ளைவுட்டும் தலைமுடி விக்கும் உண்டு! அதிபர் பார்க் சுங் ஹீ மாதாமாதம் ஏற்றுமதிக் கூட்டத்தில் தானே உட்கார்ந்தார். 1977-இல் ஆயிரம் கோடி டாலர். ஆனால் 1980-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான ஆண்டுகளில் அவர்கள் விற்றதைவிட வாங்கியதுதான் அதிகம். விக் விற்ற டாலர் மெஷினாகவும் எண்ணெயாகவும் திரும்பி வந்தது. அந்த மெஷினில்தான் அடுத்த சரக்கைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். இறக்குமதியை நிறுத்தியிருந்தால் இன்னும் விக்தான் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

பரீட்சையில் மட்டும் சூத்திரத்தை அப்படியே எழுதிவிடுங்கள், மார்க் முக்கியம்.

கேள்வி: ரூபாய் சரிந்தால் திருப்பூருக்குக் கொண்டாட்டம்தானே? (வாசகர், பல்லடம்)

பதில்: ஏற்றுமதி டாலருக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும் என்பதால் ஒரு வாரத்துக்குக் கொண்டாட்டம். பையரும் பேப்பர் படிக்கிறவர்தானே! "டாலர் ஏறியிருக்கிறதே, பீஸுக்குப் பத்து சென்ட் குறையுங்கள்" என்று அடுத்த ஆர்டரிலேயே கேட்பார். இறக்குமதி ஜிப்பும் அதற்குள் விலை ஏறியிருக்கும்.