தூரிகைக்காரர் பதில்கள்: காண்டா வாளியோடு ஒரு வீராங்கனை

புதிதாகப் படிப்பவர்களுக்கு: சுங்கை சிப்புட்டில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிறவன் நான். திருவிழா நெருங்கினால் தோட்டத்துக் கோயில் சிலைகளுக்கு வண்ணமும் பூசுவேன். என் மகனும் அவன் கூட்டாளிகளும் சனிக்கிழமை இரவுகளில் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற மேசை ஆட்டம்) ஆட ஆரம்பித்தபோது, முதலில் மைலோ கலக்கிக் கொடுத்தேன். அப்புறம் அவர்களுடைய பொம்மைகளுக்கு வண்ணம் பூசினேன். இப்போது நானும் ஒரு குள்ளப் பூசாரியாக அந்த மேசையில் ஆடிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொம்மையும் படமும் பற்றித்தான்.

மாமா, நான் ஆறாம் படிவ மாணவி. ஆட்டத்தில் என் பாத்திரம் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரி ஒருத்தி. பாட்டியை மனதில் வைத்து உருவாக்கினேன். விடியாத காட்டில் தனியாக நடந்து பழகியவள், ரேஞ்சர் வகுப்பு, அதாவது காட்டில் திரிகிற வீரர் வகை. படம் தேடினால் பொன்முடி எல்ஃபும் இரும்புச் சட்டையும்தான் வருகின்றன. பொம்மைக் கடையிலும் அதே கதை. என் ஆளை எங்கே தேடுவது?
*வாசகி, கோலகங்சார் பக்கம் ஒரு தோட்டம்*

தங்கச்சி, முதலில் இரும்புச் சட்டையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தை 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அதற்கு முன் அவர்கள் மேசை மேல் சிப்பாய்ப் பொம்மைகளை நிறுத்திப் போர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஐரோப்பிய மத்திய காலப் படைகள்தான் அவர்கள் கையில் இருந்தன. அந்த வாடை இன்னும் போகவில்லை. உன் பாட்டி அந்தப் பெட்டியில் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

முழு ஆளையும் தேடாதே, கிடைக்கமாட்டாள். கோயிலில் சாமியை நாம் எதை வைத்து அடையாளம் காண்கிறோம்? முகத்தையா பார்க்கிறோம்? வேல் இருந்தால் முருகன், வீச்சரிவாளும் முறுக்கு மீசையும் இருந்தால் முனி. ஒரு தோட்டத்தில் இரண்டு பெண் தெய்வங்களுக்கும் நான் ஒரே முகத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். கையில் இருப்பது வேறு, அதனால் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. (கோயில் தலைவர் படித்தால் படிக்கட்டும்.) உன் பால்வெட்டுக்காரிக்கும் அப்படி ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடு.

கத்தி என்றுதான் உனக்கு முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பார். இந்தப் பொம்மைகளில் ஐந்தேமுக்கால் அடி ஆளின் கண் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஓர் அடிகூட இல்லாத பால்வெட்டுக் கத்தி அந்தக் கணக்கில் 4, 5 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அரிசி மணியை விடக் குட்டை. மேசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறவனுக்கு அது கத்தியா கரண்டியா என்றே தெரியாது. ஆனால் காண்டா? தோளில் ஐந்தடிக் கம்பு, இரண்டு முனையிலும் வாளி. பொம்மையில் அது 26 மில்லிமீட்டர். அறைக்குள் நுழையும்போதே தெரியும். ஆகவே பொம்மைக்குக் காண்டா வாளி, படத்துக்குக் கத்தி.

நான் என்றால் இப்படிச் செய்வேன். கவசம் இல்லாத, முக்காடோ மேலங்கியோ போட்ட பெண் ரேஞ்சர் பொம்மை ஒன்று வாங்குவேன். அமெரிக்க ரீப்பர் நிறுவனத்தின் போன்ஸ் வகை மலிவு, பிளாஸ்டிக் கொஞ்சம் மிருதுவானது, பிளேடால் வெட்ட வரும். வில்லை வெட்டி எடுத்துவிட்டு, தோளில் ஊதுவத்திக் குச்சியை ஒட்டுவேன். பல்குச்சி வேண்டாம், அந்த அளவுக்கு அது தேக்கு மரம் மாதிரித் தெரியும். பழைய சார்ஜர் ஒயரைக் கிழித்தால் உள்ளே மெல்லிய செம்புக் கம்பி இருக்கும், வாளி தொங்கவிட அது போதும். வாளிக்கு 5 மில்லிமீட்டர் பாசிமணி. கம்பு முன்னும் பின்னுமாக நீளட்டும், உன் பாட்டியும் அப்படித்தான் சுமந்திருப்பார்.

தலையில் விளக்கை மறக்காதே. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டிலேயே மர நிரைக்குப் போனார்கள். ஆட்டத்தில் ஒரு தீப்பந்தம் 20 அடிக்கு வெளிச்சம் தரும், ஆனால் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். உன் ஆளுக்கு விளக்கு நெற்றியில், இரண்டு கையும் சும்மா. ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டரிடம் இதைப் பேசி வாங்கிக்கொள். என் மகன் ஒத்துக்கொள்ளமாட்டான், உன்னுடையவர் நல்லவராக இருக்கலாம்.

படத்துக்கு வருகிறேன். பழைய படங்களை எடுத்துப் பயன்படுத்தலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், காப்புரிமை முடிந்த தன் ஓவியங்களின் படங்களை 2017 முதல் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டிருக்கிறது. ரவி வர்மா 1906இல் இறந்தார், அவர் படங்களுக்கும் தடை இல்லை. ஆனால் ரவி வர்மாவின் பெண்களுக்குப் பால் வாளி சுமந்த தோள் கிடையாது. சேலை மடிப்பு பார்க்க மட்டும் அவரிடம் போ.

யாரையாவது வரையச் சொல்வதுதான் சரியான வழி. நம் பிள்ளைகளிலேயே எத்தனையோ பேர் டேப்லெட்டில் பிரமாதமாக வரைகிறார்கள். அவர்களிடம் உன் ஆளின் ஐந்து பக்கக் கதையைக் கொண்டுபோய்க் கொட்டாதே. வீட்டு ஆல்பத்திலிருந்து பாட்டியின் ஒரு படம், கத்தியைத் தனியாகக் கிட்டத்தில் எடுத்த ஒரு படம், மங்கு (பால் வடிகிற கிண்ணம்) கட்டிய மரத்தின் ஒரு படம், இவை போதும். கூடவே மூன்று வரி: வயது என்ன, எதைக் கண்டு பயப்படுகிறாள், எந்தக் கையால் வெட்டுகிறாள். பாதிப் பணம் முன்னால், கோட்டுப்படம் பார்த்துத் திருத்தம், பிறகு வண்ணம், பிறகு மீதிப் பணம். வண்ணம் தீட்டின பிறகு "கையைக் கொஞ்சம் மாற்றுங்கள்" என்று கேட்பது பாவம். பலகை எழுதி முடித்த பிறகு கடைப் பெயரை மாற்றச் சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

பொம்மை அளவை 28 மி.மீ. என்கிறார்கள், 32 மி.மீ. என்கிறார்கள். 3டி பிரிண்ட் எடுக்க எந்த அளவு கொடுக்கலாம்?
*வாசகர், தைப்பிங்*

பொதுவாக, நிற்கிற ஆளின் பாதத்திலிருந்து கண் வரைக்கும் உள்ள உயரம் அது. சில நிறுவனங்கள் உச்சந்தலை வரை அளக்கின்றன. 28ஐயும் 32ஐயும் ஒரே மேசையில் கலந்து வைத்தால் பெரிதாக உறுத்தாது. ஆட்டத்தில் ஓர் அங்குலக் கட்டம் ஐந்தடி என்று கணக்கு. ஆகவே சாதாரண ஆளுக்கு அடித்தட்டு 25 மி.மீ., ராட்சதன் மாதிரிப் பெரிய உருவத்துக்கு 50.

என் குள்ளப் பூசாரியை ஹீரோ ஃபோர்ஜ் தளத்தில் நானே உடுப்புப் போட்டு உருவாக்கினேன். முகம், தாடி, ஆயுதம் எல்லாம் திரையிலேயே பொருத்தலாம். பொம்மையாகவும் வாங்கலாம், கோப்பாகவும் வாங்கலாம். காசு மிச்சம் என்று கோப்பை வாங்கி, 3டி அச்சு எடுக்கிற ஓர் இளைஞரிடம் கொடுத்து "32 மில்லிமீட்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் பூசாரி சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறவர். அந்தப் பிள்ளை அடித்தட்டிலிருந்து சம்மட்டி நுனி வரைக்கும் 32 வைத்துவிட்டார். கைக்கு வந்தபோது என் பூசாரி இருபது மில்லிமீட்டர்கூட இல்லை. குள்ளருக்குள் குள்ளர். அவர்மேல் தப்பில்லை, நான்தான் ஒழுங்காகச் சொல்லவில்லை. "பாதத்திலிருந்து கண் வரை" என்று தாளில் எழுதிக் கொடுங்கள். இன்னொன்று, இந்தச் சின்ன வேலைக்கு ரெசின் அச்சு கேளுங்கள். இழை உருக்கி அடுக்குகிற இயந்திரத்தில் முகம் படிக்கட்டு மாதிரி வரும். வீட்டிலேயே ரெசின் செய்வதாக இருந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள், காற்றோட்டம் இல்லாத அறையில் வைக்காதீர்கள்.

மாமா, என் ஃபைட்டர் (சண்டை வீரன்) பாத்திரத்துக்கு மதுரை வீரன் என்றே பெயர் வைத்து, சின்னச் சிலையை மேசையில் வைக்கலாம் என்று இருந்தேன். அம்மா ஏசுகிறார். தப்பா?
*வாசகர், லூனாஸ்*

அம்மா சொல்வது சரி தம்பி.

ஆட்டத்தில் உன் ஆள் தோற்பான். பகடையில் ஒன்று விழுந்தால் கோப்ளின் என்கிற குட்டிப் பூதம் அவனைக் குப்புறத் தள்ளும், உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். சுருட்டும் படையலும் வாங்குகிற சாமியை அந்த இடத்தில் வைக்க எனக்கே கை வராது. குதிரையில் வந்த ஒரு காவல்காரன், மதுரை வீரனைக் கும்பிடுகிறவன் என்று வைத்துக்கொள். அவன் விழலாம், எழலாம், கேலிக்கும் ஆளாகலாம்.

அரிவாள் மட்டும் நிச்சயமாக வை. கடைப் பொம்மைகளில் நேர்வாள்தான் வரும். காலாவதியான வங்கி அட்டை ஒன்றை எடு, அதன் கனம் 0.76 மி.மீ. இரண்டரை அடி அரிவாள் பொம்மை அளவில் 13 மி.மீ. வரும். பென்சிலால் வரைந்து, வளைவை நகவெட்டியாலும் உப்புத்தாளாலும் தீர்த்துக்கொள். பொம்மையின் வாளைக் கைப்பிடியோடு நிறுத்தி வெட்டிவிட்டு இதை ஒட்டு. ஒட்டின இடம் அசிங்கமாகத் தெரிந்தால், ஹார்ட்வேர் கடையில் குழாய் ஒழுக்கு அடைக்க இரண்டு கட்டியாக விற்பார்களே எப்பாக்சி, அதில் கடுகளவு பிசைந்து பூசினால் மறைந்துவிடும். பிசையும்போது விரலை நனைத்துக்கொள், கையுறை இருந்தால் இன்னும் நல்லது.

வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாகக் கறுப்பு ஸ்பிரே பிரைமர் அடித்தேன். பொம்மை முழுக்க மணல் கொட்டின மாதிரி சொரசொரப்பு. பெயிண்ட் போலியா?
*வாசகி, தெலுக் இந்தான்*

எப்போது அடித்தீர்கள் என்று எழுதவில்லை. மழை கட்டி நிற்கிற சாயங்காலமா? காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பிரைமர் பூத்துப்போகும். நல்ல வெயிலில் தூரத்திலிருந்து அடித்தாலோ, துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாக வந்து ஒட்டும். நம் ஊருக்கு இரண்டு தண்டனையும் உண்டு. காலைப் பசியாறி முடித்து, பனி விலகி, வெயில் சூடேறுவதற்குள் நிழலில் வைத்து அடியுங்கள். ஒரு சாண் தூரம், தொட்டும் தொடாமலும் இரண்டு மூன்று வீச்சு. நான் முதல் தடவை எட்டுப் பொம்மைகளை ஒரே நேரத்தில் கெடுத்தேன், அதுவும் முப்பது வருடமாக ஸ்பிரே பிடித்த கை.

உங்களுடையது போன்ஸ் வகை என்றால் பிரைமரே தேவையில்லை. சில ஸ்பிரேக்கள் அதன்மேல் காயாமல் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து நேரே அக்ரிலிக் பூசலாம். வாளோ கம்போ வளைந்திருந்தால் வெந்நீரில் முக்கி நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள், அப்படியே நின்றுவிடும்.

கண் எழுதுவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கோயிலில் கண் கடைசி. எல்லா வண்ணமும் காய்ந்த பிறகு நான் ஒதுங்கிக்கொள்வேன், ஸ்தபதிதான் திறப்பார். பொம்மையில் நேர் எதிர், கண்ணை முதலில் எழுதுங்கள். வெள்ளையில் ஒரு படுக்கைக் கோடு, அதன் நடுவே கறுப்பில் ஒரு நிற்கும் கோடு. வெளியே வழிந்ததைத் தோல் நிறத்தால் மூடிக்கொண்டே வந்தால் இமை தானாக அமைந்துவிடும். மூச்சை விட்டுவிட்டு எழுதுங்கள், இழுத்துப் பிடித்தால் கை ஆடும். கண்ணுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் அடர்த்தியான பழுப்பு, மூக்கு நுனியில் ஒரு வெளிர் பொட்டு. கிட்டத்தில் பார்த்தால் கோமாளி வேஷம் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். ரோட்டிலிருந்து தெரிய வேண்டும் என்று எட்டடி முனிக்கு எப்படிப் பூசுகிறோமோ, கையெட்டும் தூரத்தில் இருக்கிற ஓர் அங்குலத்து ஆளுக்கும் அதே வேலைதான். அத்தனை சின்ன மூக்கு தன் நிழலைத் தானே காட்டாது, நாம்தான் எழுதிக் காட்ட வேண்டும்.

ஏஐயிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் படம் வருகிறதே, பிறகு எதற்கு ஓவியர்?
*வாசகர், ஈப்போ*

முதல் கேள்வி கேட்ட தங்கச்சிக்காக நானும் ஒன்றில் கேட்டுப் பார்த்தேன். அழகான பெண் வந்தாள். பால்வெட்டுக் கத்திக்குப் பதிலாகக் குத்துவாள், ரப்பர் மரத்துக்குப் பதிலாகத் தென்னை. வெட்டுக்கோடு சாய்வாக இறங்க வேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை. நாலு பேர் ஆடுகிற வீட்டு மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. நான் வரைந்தது என்று மட்டும் காட்டாதீர்கள்.

மாமா, கையில் பத்து வெள்ளிதான் இருக்கிறது. ஆறு பூதம், ஒரு தலைவன் வேண்டும்.
*இரண்டாம் படிவ மாணவன், சுங்கை சிப்புட்*

தாராளம். கெட்டித் தாளில் படத்தை முன்பக்கம் ஒன்று, தலைகீழாகப் பின்பக்கம் ஒன்று என அச்சடித்து, நடுவில் மடித்து ஒட்டு. உயரம் ஒன்றேகால் அங்குலம், தலைவனுக்கு இரண்டு. அடியில் அரை அங்குலத் தாளை விட்டு வைத்து இரண்டாகப் பிரித்து மடி, 25 மி.மீ. அகல இரும்பு வாஷரில் ஒட்டினால் காற்றாடி போட்டாலும் விழாது. ஐம்பது சென் நாணயம் அந்த அளவுக்குக் கொஞ்சம் சின்னது, அதோடு காசைப் பசை போட்டு ஒட்டாதே. ஆறு பூதமும் ஒரே மாதிரி இருக்கட்டும், தலைவனுக்கு மட்டும் சிவப்புத் தலைப்பாகை கட்டு.

வாஷர் வாங்க, பழைய பெரிய ரோட்டில் என் கடைக்கு எதிரே இருக்கிற ஹார்ட்வேர் கடைக்குப் போ. எந்த மெஷினுக்கு என்று முதலாளி கேட்பார். பூதத்துக்கு என்று சொல், அவருக்குப் பழகிவிட்டது.