மோர் விற்ற காசு மறுநாள் தயிருக்கு மிஞ்சவில்லை என்பது குறித்து

வணக்கம். கோடை விடுமுறையில் கும்பகோணத்து வீட்டு வாசலில் நீர்மோர் விற்கும் உங்கள் பதினோரு வயது மகன், தினமும் 200 ரூபாய் ஈட்டியும் மறுநாள் தயிருக்கு உங்களிடமே கை நீட்டுகிறான் என்று வருந்தியிருந்தீர்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன் அவனோடு உட்கார்ந்து ஒரு கணக்கு போடுங்கள். ஒரு லிட்டர் தயிரில் மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கடைந்தால், 200 மில்லி குவளையில் 20 குவளை மோர் கிடைக்கும். தயிருக்கு 70 ரூபாயும், பனிக்கட்டி, இஞ்சி, கொத்தமல்லி, காகிதக் குவளை ஆகியவற்றுக்கு 50 ரூபாயும் செலவென்றால், குவளை 10 ரூபாய் வீதம் 12 விற்ற பிறகே முதல் திரும்புகிறது. பதின்மூன்றாவது குவளையிலிருந்துதான் லாபம்.

என் மகள் மயிலாடுதுறையில் வெள்ளரிப்பிஞ்சு விற்றபோது இரண்டு டப்பாக்கள் வைத்தோம். முதல் போணியிலிருந்து போட்ட முதல் தேறும்வரை வரும் காசெல்லாம் ஒரு டப்பாவில் விழும்; அதற்குப் பிறகு வரும் லாபம் மற்றொன்றில். முதல் தேறும் டப்பாவிலிருந்து குச்சி ஐஸுக்குக்கூட எடுக்கக் கூடாது. மூன்றாம் நாள், மழையில் பாதிக் கூடை மிஞ்சியபோது, அந்த டப்பா நிறையாததைப் பார்த்து அவளே மறுநாள் கொள்முதலைக் குறைத்துக்கொண்டாள். தெரிந்தவர்களுக்குக் கடன் கொடுப்பதை மட்டும் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுங்கள்.