கியர் விழ மறுக்கும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மோட்டார் சைக்கிளில் சில வாரங்களாகக் கியர் மாற்றுவது கடினமாக இருக்கிறது. வண்டி நிற்கும்போது நியூட்ரல் விழுவதே இல்லை. முதல் கியரைப் போட்டால் பெரிய சத்தத்துடன் வண்டி முன்னே துள்ளுகிறது. கிளட்சை முழுவதும் பிடித்திருந்தாலும் மெல்ல நகரப் பார்க்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவசியமா?

பதில்: இப்போதைக்கு அவசியமில்லை. கிளட்சைப் பிடித்திருக்கும்போதும் வண்டி நகரப் பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போவது முழுமையாகத் துண்டிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். கியர்களைப் பிணைக்கும் பக்கவாட்டுப் பற்களின் மீது சுமை இருக்கும்வரை, காலால் எவ்வளவு அழுத்தினாலும் அவை எளிதில் விலகிக்கொடுக்காது. நியூட்ரல் விழாததற்கும் முதல் கியரில் சத்தம் கேட்பதற்கும் இந்த ஒரே காரணம் போதும்.

இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. இன்ஜினை நிறுத்தி, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றியபடி ஒவ்வொரு கியராக மாற்றிப் பாருங்கள். சக்கரம் சுழலாவிட்டால் பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கக்கூடும் என்பதால் அதை நிறுத்திவிடாதீர்கள். இப்போது கியர்கள் தடையின்றி விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், குறை கிளட்சில் இருக்கிறது. இன்ஜின் ஓடாதபோதும் விழவில்லை என்றால்தான் கியர் மாற்றும் அமைப்பின் மீது சந்தேகம் வர வேண்டும்.

அடுத்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளட்ச் லீவரின் ஃப்ரீ பிளேயை, அதாவது கேபிள் இறுகத் தொடங்கும் முன் லீவர் வெறுமையாக நகரும் தூரத்தை, அளந்து பாருங்கள். பல வண்டிகளில் இது லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இது அதிகமாக இருந்தால், லீவரை முழுவதும் பிடித்தாலும், கிளட்ச் பிளேட்டுகளை ஸ்பிரிங் விசையால் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் போதிய தூரம் விலகாது; பிளேட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே சுழலும்.

சரிசெய்யும்போது பலர் லீவரின் அருகிலுள்ள அட்ஜஸ்டரை மட்டும் திருகித் திருகி, அது கழன்று விழும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதை முதலில் ஏறக்குறைய முழுவதும் உள்ளே திருகிவிட்டு, கேபிளின் பெரும்பகுதித் தளர்ச்சியை இன்ஜின் பக்கத்து அட்ஜஸ்டரில் எடுத்துவிட வேண்டும். நுட்பமான திருத்தத்துக்கு மட்டுமே மேல் அட்ஜஸ்டர். லாக் நட்டுகளை இறுக்கிய பிறகு, ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பி, ஃப்ரீ பிளே மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் கேபிள் செல்லும் பாதை தவறாக இருக்கிறது. கிளட்ச் மூடிக்குள் அல்லது அதன் மேல் தனியாக ஒரு அட்ஜஸ்டிங் திருகு உள்ள வண்டிகளில், கேபிளைத் தளர்த்திவிட்டு அதை முதலில் சரிசெய்த பிறகே கேபிளுக்கு வர வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் கேபிளையே கழற்றிப் பாருங்கள். லீவரில் மாட்டும் முனைக்கருகே ஒன்றிரண்டு இழைகள் அறுந்திருந்தாலும், உறை மடிந்திருந்தாலும், உங்கள் கை கொடுக்கும் நகர்வில் ஒரு பகுதி அங்கேயே வீணாகிவிடும். அத்தகைய கேபிளுக்கு எண்ணெய் விட்டுக் காலம் கடத்துவது, என் கருத்தில், நடுவழியில் நிற்பதற்கு நாள் குறிப்பது போன்றது.

இவை எல்லாம் சரி என்றால்தான் கிளட்ச் மூடியைத் திறக்க வேண்டும். ஸ்டீல் பிளேட்டை ஒரு கண்ணாடித் தகட்டின் மீது வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால், அதாவது தடிமன் குறித்த மெல்லிய அளவுத் தகடுகளால், அளந்தால் அது வளைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நீலம் பாய்ந்திருந்தால் அது மிகையாகச் சூடேறியிருக்கிறது. பிளேட்டுகளின் காதுகள் பொருந்தும் கிளட்ச் ஹவுசிங்கின் விளிம்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் பிளேட்டுகள் அதில் சிக்கிக்கொண்டு, ஸ்பிரிங் அழுத்தம் நீங்கிய பிறகும் விலகாது. லேசான பள்ளத்தை அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமானதற்கு ஹவுசிங்கை மாற்றுவதுதான் வழி. உராய்வுப் பொருள் ஒட்டிய புதிய பிரிக்‌ஷன் பிளேட்டுகளைப் பொருத்துவதற்கு முன் இன்ஜின் ஆயிலில் நன்றாக ஊறவிடுங்கள்.

கேள்வி: கிளட்ச் கேபிளை நானே இறுக்கினேன். கியர் இப்போது மென்மையாக விழுகிறது. ஆனால் மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் இரைகிறது, வேகம் கூடவில்லை.

பதில்: முந்தைய கேள்விக்கு நேர் எதிரான நிலை இது. ஃப்ரீ பிளேயே இல்லாத அளவுக்குக் கேபிளை இறுக்கிவிட்டீர்கள். நீங்கள் லீவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே இருக்கிறது. இப்படியே ஓட்டினால் பிரிக்‌ஷன் பிளேட்டுகள் விரைவில் கருகிவிடும் என்பதால் இன்றே தளர்த்துங்கள்.

தளர்த்திய பிறகும் வழுக்கினால், அண்மையில் ஆயில் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி இயங்குகிறது. கார்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். அவை இத்தகைய கிளட்சை வழுக்கச் செய்யலாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறியீடு இருக்க வேண்டும். எம்பி என்ற குறியீடு உராய்வு குறைந்த ஆயிலைக் குறிப்பது. அது உங்கள் வண்டிக்கு உகந்ததல்ல. ஆயிலும் சரி என்றால் பிரிக்‌ஷன் பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் அளக்க வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. லீவர் கனமாவதுதான் அதன் கைகண்ட பலன். ஸ்பிரிங்குகளை மொத்தமாக மாற்றி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குவதே முறை.

கேள்வி: வண்டி ஒருமுறை இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்த பிறகு, கியரை மேலே ஏற்ற முடிகிறது, கீழே இறக்குவது கடினமாக இருக்கிறது. கியர் லீவரும் இடப்பக்கம்தான். கிளட்ச் நன்றாகவே இருக்கிறது.

பதில்: கியர் லீவர் வளைந்து மூடியிலோ ஃபுட்ரெஸ்டிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு லீவர் மாட்டும் தண்டு நேராக இருக்கிறதா, பல்வரிசை தேய்ந்து லீவர் ஆடுகிறதா என்று சோதியுங்கள். தண்டு வளைந்திருந்தால் அதைத் தட்டி நிமிர்த்துவதைவிட மாற்றுவதே நல்லது.

கேள்வி: ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் இதே சிக்கல் வந்தால்?

பதில்: அங்கே கேபிள் இல்லை; குழாயில் உள்ள திரவத்தின் அழுத்தமே கிளட்சை இயக்குகிறது. லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கக்கூடும். அதை வெளியேற்ற வேண்டும். திரவம் தொடர்ந்து குறைந்தால் இன்ஜின் பக்கத்தில் கிளட்சை இயக்கும் சிறிய சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். திரவத் தொட்டியின் மூடியில் குறிப்பிட்டுள்ள திரவத்தை மட்டுமே ஊற்றுங்கள்: மினரல் ஆயிலில் இயங்கும் அமைப்பில் பிரேக் திரவத்தை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.